ஒப்புக்கொடுத்த காச்சல்

அண்ணனூர்
12 ஜனவரி 2025

லாவண்யா அக்காவுக்கு,

தம்பி ஜஸ்டின் எழுதறது. வேளைக்குத் தின்னுகினு, கண்ட நேரத்துல தூங்கிகினு நான் நல்லா கீறேன். மலைக் குளுர்ல நீயும் உன் மடத்து ஆளுங்களும் எப்டி கீறீங்க? உன்ன இனிமே சிஸ்டர் அமலின்னுதான் கூப்டணும்னு அம்மா சொல்லுது. என் வாய்ல வர்ல. கவர் மேல மட்டும் அப்டி எழுதிட்டேன்.

நேரா விசயத்துக்கு வர்றேன். அம்மாவுக்குத் திரும்பி வந்துருச்சு.

ஆறு வருசம் முன்னாடி வந்த அதே ரத்தப் புத்துநோய்தான். மாத்திரையிலயே அடங்கிருச்சு, வருசத்துக்கு ஒரு தபா காட்னா போதும்னாங்களே, அது. கிறிஸ்மஸ் பூசைக்குக் கெளம்பறப்போ அம்மா முடி வாரிகினு இருந்துச்சு. பின்னாடி நின்னு பாத்தேன். கழுத்துல ரெண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் சொருகி வச்சாப்ல வீக்கம். மெர்சலாயிட்டேன். "இன்னாமா இது?"ன்னேன். "பனி"ன்னுச்சு. பனிக்குக் கழுத்து வீங்குமாக்கா? புடிச்சி உலுக்குனப்புறம்தான் சொல்லுது, செப்டம்பர்ல மாதா பொறந்த நாள்லருந்தே கீதாம். நாலு மாசமா முந்தானையை இழுத்து இழுத்து மூடிகினு என் கண்ணு முன்னாடியே சுத்திகினு இருந்திருக்கு.

வெள்ள அணு பத்தாயிரத்த தாண்டக் கூடாதாம். அம்மாவுக்கு ஒரு லட்சத்து எம்பதாயிரம். டாக்டர் கோமளா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. புதுசா ஒரு மாத்திரை வந்துகீதாம், ஆனா அம்மாவுக்கு நெஞ்சுத் துடிப்பு தாறுமாறா கீறதால அது ஒத்துக்காதாம். அதனால கீமோவும் ஆன்டிபாடின்னு ஒரு மருந்தும் சேத்து டிரிப்ஸ்ல ஏத்தணும். நாலு வாரத்துக்கு ஒரு தபா, மொத்தம் ஆறு தபா. "ஒண்ணு போதாதா, எதுக்கு ரெண்டு?"ன்னு கேட்டேன். ஆன்டிபாடி போயி கெட்ட அணு முதுகுல ஒட்டிக்குமாம், 'இவன்தான், இவனப் புடி'ன்னு ஒடம்புக்குக் காட்டிக் குடுக்குமாம். கீமோ முரடன், நல்லவன் கெட்டவன் பாக்காம அடிப்பான். ரெண்டு பேரும் சேந்து போனாத்தான் திரும்பி வந்த நோவு அடங்கும்னாங்க.

ஆன்டிபாடி ஆள்காட்டி, கீமோ அடியாள். நான் அப்டித்தான் புரிஞ்சிகினேன்.

நீ ஒரு எட்டு வர முடியுமா? கேட்டுட்டேன், அவ்ளோதான்.

அம்மா உன்ன ரொம்ப விசாரிச்சுது.
ஜஸ்டின்


27 ஜனவரி 2025

அன்புத் தம்பி ஜஸ்டினுக்கு,

உன் மேலும் அம்மா மேலும் ஆண்டவரின் சமாதானம் தங்குவதாக. நான் சுகமாக இருக்கிறேன். குளிர் பழகிவிட்டது.

உன் கடிதத்தை எங்கள் மடத்துத் தலைவி மதர் கொடுத்தபோது தோட்டத்தில் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தேன். படித்த பிறகு எத்தனை செடி பிடுங்கினேன் என்று தெரியவில்லை. விளையாத கேரட்டையும் பிடுங்கிவிட்டேன் என்று பக்கத்துச் சகோதரி கையைப் பிடித்து நிறுத்தினார்.

மருந்து ஏற்றும்போது நீ கூடவே இரு. அம்மா வலி என்று சொல்ல மாட்டார். முகத்தைப் பார்.

சாகும்வரை துறவியாகவே இருப்பேன் என்று நான் வாக்குக் கொடுக்கும் நித்திய வார்த்தைப்பாடு மே 31 என்று முடிவாகியிருக்கிறது. அன்று நீங்கள் இருவரும் வரலாம். மடத்துக் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பார்க்கலாம், பேசலாம்.

அம்மாவுக்கு: வருகிற சிறு சிறு நோவுகளை முணுமுணுக்காமல் என் துறவற அழைத்தலுக்காக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள்.

உங்கள் அன்பு மகள், சகோதரி
அமலி


அண்ணனூர்
13 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

நான் நல்லா கீறேன். நீ நல்லா கீறியான்னு கேக்கணும், கேட்டுட்டேன். வர முடியுமான்னு நான் கேட்டதுக்கு நீ பதில் எழுதல, அதயும் பாத்தேன்.

முந்தாநாள் மொதல் மருந்து. எனக்கு இன்னும் கை நடுங்குது, எழுத்து கோணலா கீதுன்னா அதான்.

காலைல ஒம்போது மணிக்கு ஆன்டிபாடிய மாட்டுனாங்க. சின்ன பாட்டிலுதான், தண்ணி மாதிரி கீது. அம்மா ஜெபமாலைய உருட்டிகினு, "இதுக்கா இவ்ளோ பில்டப்பு?"ன்னு சிரிச்சுது. அரை மணி நேரம் ஆச்சு. "குளுருதுடா"ன்னுச்சு. போர்வை போத்துனேன். ரெண்டாவது போர்வை போத்தறதுக்குள்ள பல்லு கிட்டிகினு ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. கட்டில் கிடுகிடுன்னு ஆடுதுக்கா! மூஞ்சி செவந்து, மூச்சு இழுக்குது. நான் வார்டே அதிர்ற மாதிரி கத்துனேன். நர்சம்மா ஓடியாந்து மருந்த நிறுத்தி வேற ஊசி போட்டாங்க. "எங்கம்மாவுக்கு இன்னாத்த ஏத்துனீங்க?"ன்னு கேட்டு சட்டையப் புடிக்காத கொறை. "தம்பி, மொதல் தபா நெறைய பேருக்கு இப்டி ஆகும், அதுக்குத்தான் பக்கத்துலயே நிக்கிறோம், நீ வெளிய போய் டீ குடி"ன்னு தள்ளிவுட்டாங்க.

ஒரு மணி நேரங் கழிச்சி மெதுவா, சொட்டு சொட்டா, மறுபடி ஆரம்பிச்சாங்க. சாயங்காலம் வரைக்கும் ஏறுச்சு. கீமோவ அப்புறமா ஏத்துனாங்க. அடுத்த நாளும் கீமோ. அது கப்சிப்னு ஏறிடுச்சு.

டாக்டரு ஒண்ணே ஒண்ணுதான் தலையில அடிச்சாப்ல சொன்னாங்க. இந்த ரெண்டு மருந்தும் சேந்தா கிருமிய எதுக்கிற சக்தி கொஞ்ச நாளைக்கு ஒடம்புல இருக்காது. காச்சல் நூறு தாண்டுனா ராத்திரியா பகலான்னு பாக்காத, மாத்திரை போட்டுப் பாக்காத, தூக்கிகினு வந்துடு. தெர்மாமீட்டர் வாங்கிட்டேன். தெனம் சாயங்காலம் நானே அம்மா வாயில வச்சிப் பாக்கறேன்.

வூடு வந்ததும் அம்மா சொன்ன மொத வார்த்தை இன்னா தெரியுமா? "நான் ஆடுனத லாவண்யாவுக்கு எழுதாத."

எழுதிட்டேன்.
ஜஸ்டின்


26 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் உன் நடுங்கும் கைகளைத் தாங்குவாராக. நான் சுகம்.

அடுத்த புதன்கிழமை சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. அன்றிலிருந்து ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது. எழுதவும் மாட்டோம், வருவதைப் படிக்கவும் மாட்டோம். வருகிற கடிதங்களை மதர் கட்டி வைத்திருந்து ஈஸ்டர் காலையில் தருவார். ஆகவே பதில் வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. ஆபத்து என்றால் மடத்தில் போன் இருக்கிறது, உனக்குத் தெரியும்.

வர முடியுமா என்று கேட்டிருந்தாய். மதரிடம் கேட்கலாம் என்று இரண்டு முறை அவர் அறை வாசல் வரை போனேன். வார்த்தைப்பாட்டுக்கு மூன்று மாதம் இருக்கும்போது வெளியே போகக் கேட்டால் அதைத் தள்ளி வைத்துவிடுவார்களோ என்று திரும்பி வந்துவிட்டேன்.

அம்மாவுக்கு: இந்தத் தவக்காலத்தில் உங்கள் நோவுகளை முணுமுணுக்காமல் என் வார்த்தைப்பாட்டுக்காக ஒப்புக்கொடுங்கள்.

அன்புடன்
அமலி


அண்ணனூர்
14 மார்ச் 2025

படிக்காத அக்காவுக்கு,

நீ இத இப்போ படிக்கப் போறதில்லன்னு தெரியும். ஜெயில்ல கூட லெட்டர் குடுக்கறாங்க. பரவால்ல, நாங்க நல்லா கீறோம். நீயும் நல்லா கீறன்னு நானே வச்சிக்கிறேன்.

ரெண்டாவது மருந்து ஏறிடுச்சு. ஒரு நடுக்கம் இல்ல! நான் கட்டில் காலப் புடிச்சிகினு ரெடியா நின்னேன். அம்மா தூங்கிடுச்சு. கழுத்து எலுமிச்சம்பழம் நெல்லிக்கா ஆயிடுச்சு. வெள்ள அணு எம்பத்தஞ்சாயிரத்துக்கு எறங்கிகீது. டாக்டர் கோமளா மொதல் தபா சிரிச்சாங்க, அவங்களுக்குப் பல்லு கீதுன்னே அப்பத்தான் தெரிஞ்சுது.

நான் செம்பரம்பாக்கம் குடோன் வேலைய வுட்டுட்டேன். பார்சல் பிரிச்சிப் பிரிச்சி போரடிச்சிருச்சு. சூப்பர்வைசர், "டிப்ளமோவ பாதியில வுட்டவன் இதயும் பாதியிலதான் வுடுவ"ன்னான். சரியாத்தான் சொன்னான். இப்போ அம்பத்தூர் எஸ்டேட்ல வண்டி ஓட்டறேன்.

அம்மா வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம கோயில்ல சிலுவைப் பாதை ஜெபத்துக்குப் போவணும்னு அடம். கூட்டத்துல போவாதன்னா கேக்கல. மாஸ்க் மாட்டிவுட்டு கடைசி பெஞ்சுல உக்கார வச்சிட்டு, வாசல்ல நான் நிக்கறேன். "கோயிலுக்கு வந்துட்ட பாரு"ன்னு அதுக்கு சந்தோசம்.

ஈஸ்டர் அன்னிக்கு கேக்கு தின்னுகினே இதப் படி.
ஜஸ்டின்


25 மார்ச் 2025

அக்கா,

அம்மா ஐ.சி.யூ.ல கீது.

முந்தாநாள் காலைல டீ குடுத்துச்சு. டம்ளர வாங்கறப்போ வெரல் பட்டுச்சு. டீ சூடா அம்மா கை சூடான்னு தெரியல. நெத்திய தொட்டேன். நெருப்பு. "ஒண்ணுமில்லடா"ன்னு சொல்லிகினே செவுத்தப் புடிச்சிகினு சரிஞ்சிருச்சு. யூசுப் அண்ணன் ஆட்டோவுல போட்டுகினு பறந்தோம். வழியெல்லாம் அண்ணன் "பேச்சு குடு தம்பி, தூங்க வுடாத"ன்னு கத்திகினே வர்றாரு. அம்மா, நம்ம அப்பா செத்து அஞ்சு வருசம் ஆனத மறந்துட்டு, அவரு சாப்டாரான்னு என்னக் கேக்குது.

நூத்தி மூணரை. பிரசர் கீழ போயிருச்சு. கிருமிய எதுக்கிற நல்ல அணு சுத்தமா காலியாம். டாக்டரு என்னப் பாத்து, "எத்தன நாளா காச்சல்?"ன்னு கேட்டாங்க. "நேத்து சாயங்காலம் கூட நான் பாத்தேன் டாக்டர், தொண்ணூத்தெட்டு"ன்னேன். "இது ஒரு நாள் காச்சல் இல்ல"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க.

எனக்கு ஒண்ணும் புரியல. நானே பாத்தேன்க்கா. தெனம் பாத்தேன்.

உங்க மடத்துக்குப் போன் பண்ணேன். வயசான சிஸ்டர் ஒருத்தங்க எடுத்தாங்க. காது கேக்கல போல. ஆவடி பக்கத்துலருந்து பேசறேன், அம்மா ஐ.சி.யூ.ல கீது, சிஸ்டர் அமலிக்கு சொல்லுங்கன்னு கத்துனேன். "இறந்துட்டாங்களா?"ன்னு கேட்டாங்க. "இல்ல"ன்னேன். "அப்ப ஜெபிக்கிறோம் தம்பி"ன்னு வச்சிட்டாங்க. திரும்ப அடிச்சேன், எடுக்கல.

ஜஸ்டின்


30 மார்ச் 2025

லாவண்யா,

அம்மா கண்ணு முழிச்சிருச்சு. பொழச்சிகிச்சு. இப்போ கேளு.

அஞ்சு நாளா காச்சல் இருந்திருக்கு. நான் தெர்மாமீட்டர் எடுத்துகினு வர்ற நேரம் பாத்து அம்மா ஃபிரிட்ஜ் தண்ணிய வாயில வச்சிகினு, கொப்புளிச்சித் துப்பிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வாயத் தொறந்திருக்கு. ஐஸ் தண்ணி! தெனம் சாயங்காலம்! நான் முட்டாப்பய மாதிரி "தொண்ணூத்தெட்டு, சூப்பர்மா"ன்னு சொல்லிகினு இருந்திருக்கேன்.

"ஏம்மா இப்டி பண்ண? செத்துருப்பியே"ன்னு கேட்டேன். மூக்குல டியூபு வச்சிகினு சிரிக்குது. "லாவண்யாதான்டா எழுதுனா. முணுமுணுக்காம ஒப்புக்கொடுன்னா. என்கிட்ட வேற இன்னா கீது அவளுக்குக் குடுக்க? அந்தக் காச்சல ஒப்புக்கொடுத்தேன்"ன்னுது.

நீ எழுதுன. உன் கையெழுத்துல. ரெண்டு தபா. கட்டில் ஆட ஆட நான் புடிச்சிகினு நின்னது, டாக்டரு தலபாடா அடிச்சிகினது எல்லாத்தயும் உன் ஒரு வரி அழிச்சிருச்சு. உன் வார்த்தைப்பாட்டுக்கு அம்மா உயிரா கேட்ட? கேக்கணும்னா நேரா வந்து கேட்டுருக்கலாம்ல?

இன்னா நலம், இன்னா விசாரிப்பு. ஒண்ணுமில்ல.

ஜஸ்டின்


அண்ணனூர்
11 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

அம்மா வூட்டுக்கு வந்துருச்சு. ஒல்லியாயிருச்சு, ஆனா கஞ்சி குடிக்குது. நான் எப்டி கீறேன்னு எனக்கே தெரியல.

போன லெட்டர நான் கொதிச்சிகினு எழுதிட்டேன். அதத் திருப்பி வாங்கலாம்னு மடத்துக்குப் போன் பண்ணேன். கட்டுல சேத்தாச்சு, எடுக்கறதுக்கு இல்லன்னுட்டாங்க. சரி, படி. அதுல பொய் ஒண்ணும் கெடையாது.

இப்போ அத வுடப் பெரிய பேஜாரு. மூணாவது மருந்து இந்தச் செவ்வாக்கிழமை ஏறியிருக்கணும். டாக்டரு கீமோவ கொறச்சி, ஆன்டிபாடிய அப்டியே வச்சி, நல்ல அணு ஏற்றதுக்கு ஊசியும் போட்டு ஏத்தலாம்னாங்க. அம்மா மாட்டேன்னுருச்சு. "நான் குடுத்தத அவரு வாங்கிகினாரு. இப்போ போய் நோவக் கொறச்சிகினா, குடுத்தத திருப்பிக் கேக்கற மாதிரிடா. மே 31 முடியட்டும், அப்புறம் இன்னா வேணா ஏத்திக்கோ." ஃபாதர கூட்டியாந்தேன், அவரு சொல்லியும் கேக்கல. "லாவண்யாவுக்கும் எனக்கும் உள்ளது"ன்னுருச்சு.

"மே கடைசி வரைக்கும் இது நிக்காது தம்பி, பாதியில வுட்டா முன்னவிட முரட்டுத்தனமா வரும்"னு டாக்டர் கோமளா சொல்றாங்க. நேத்து பாத்தேன். நெல்லிக்கா மறுபடி பெருசாவுது.

நான் சொன்னா கேக்காது. நீ சொன்னாத்தான் கேக்கும். நீ ஈஸ்டர் வரைக்கும் படிக்க மாட்ட.

சீக்கிரம் ஈஸ்டர் வரட்டும். கோயிலுக்குள்ள போவாதவன் நானே சொல்றேன்.

ஜஸ்டின்


20 ஏப்ரல் 2025

ஜஸ்டின்,

நாலு லெட்டரும் ஒண்ணா குடுத்தாங்க. தேதி பாத்து வரிசையா படிச்சேன். நீ சொன்ன மாதிரியே கையில கேக்கு இருந்துச்சு. மொதல் லெட்டருக்கு சிரிச்சேன், டாக்டரம்மா பல்லுக்கு. பக்கத்துல எல்லாருக்கும் படிச்சிக் காட்டுனேன். ரெண்டாவதையும் சத்தமா ஆரம்பிச்சிட்டேன். 'அம்மா ஐ.சி.யூ.ல கீது'ன்னு என் வாயாலயே படிச்சேன்டா.

அந்த வரி. எனக்கு அத எழுதுனதே ஞாபகம் இல்ல. அம்மா மேல சத்தியமா சொல்றேன். இங்க வந்த புதுசுல லெட்டர் எப்படி முடிக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. அப்படியே முடிப்பேன். பெரியம்மா பொண்ணு கல்யாணத்துக்கு வாழ்த்து எழுதுனப்போ கூட அதே வரிதான் எழுதுனேன். கை தானா எழுதும், ஜஸ்டின். மனசுல ஒண்ணும் இருக்காது. அதப் போய் அம்மா கேட்டுருச்சு.

இன்னொண்ணு. மார்ச் கடைசியில ஒரு நாள் ராத்திரி ஜெபத்துல, 'ஆவடியில் சுகமில்லாத ஒரு தாய்க்காக'ன்னு வாசிச்சாங்க. போன் எடுத்த சிஸ்டருக்கு அவ்வளவுதான் காதுல விழுந்திருக்கு. எல்லாரும் முட்டி போட்டோம். நானும் போட்டேன். நம்ம ஊர் பேராச்சேன்னு தோணுச்சு. யாரு என்னன்னு கேக்கல. தவக்காலத்துல தேவையில்லாம பேசக் கூடாது. பேசல. நல்லா தூங்குனேன் அன்னைக்கு.

நீ எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்ல.

உள்ள இன்னொரு தாள் இருக்கு. அம்மா கையில குடு. நீ படிச்சிக் காட்டாத, அவங்களே படிக்கட்டும்.

லாவண்யா


20 ஏப்ரல்

யம்மா,

நீ குடுத்த காச்சல் எனக்கு வேணாம். நான் கேக்கல. கேட்ட மாதிரி எழுதுனது என் தப்பு.

இப்பத்தான் மதர் ரூமுக்குப் போய்ட்டு வந்தேன். வாசல்லயே திரும்பாம உள்ளயே போய்ட்டேன். மே 31 எனக்கு வார்த்தைப்பாடு வேணாம்னு சொல்லிட்டேன். மதர் கண்ணாடியக் கழட்டிட்டு என்னயே பாத்தாங்க. "தள்ளி வச்சா, மறுபடி உனக்குக் குடுக்கிறதப் பத்தி எல்லாரும் கூடித்தான் முடிவு பண்ணணும். வேணாம்னும் சொல்லலாம், தெரியும்ல?"ன்னாங்க. தெரியும்னேன்.

உனக்கு ஆறாவது மருந்து ஏறி முடியணும். முடிஞ்சிதுன்னு ஜஸ்டின் எழுதணும். அதுக்கப்புறம்தான் நான் வார்த்தைப்பாட்டக் கேப்பேன். நீ ஏத்திக்கலன்னா நான் கேக்கவே மாட்டேன், கறுப்பு முக்காடு கெடைக்காம வெள்ளை முக்காட்டோட இப்படியே ரெண்டுங்கெட்டானா நிப்பேன். நீ நேர்ந்துகிட்டதும் நடக்காது, நான் நெனச்சதும் நடக்காது.

காச்சல் வந்தா கத்து. தெரு கேக்கற மாதிரி கத்து.

லாவண்யா


3 மே 2025
ஆஸ்பத்திரி வார்டுலருந்து

அக்காவுக்கு,

நான் நல்லா கீறேன், கை நடுங்கல. நீ எப்டி கீற? நெஜமாத்தான் கேக்கறேன்.

உன் தாள அம்மா கண்ணாடி போட்டுகினு படிச்சுது. ரெண்டு தபா படிச்சுது. மூஞ்சில ரத்தமே இல்ல, நான் பயந்துட்டேன். தண்ணி குடுத்தேன், வாங்கல. அன்னிக்கு பூரா ஒரு வார்த்தை பேசல. சோறும் இல்ல. அடுத்த நாளும் அப்டியே. "அம்மா எதுனா பேசும்மா"ன்னு காலப் புடிச்சேன். மூணாம் நாள் காலைல முழிச்சிப் பாத்தா பொடவ கட்டி, செருப்பு மாட்டிகினு வாசல்ல நிக்குது. "யூசுப்ப கூப்டு"ன்னுச்சு. "எங்கமா?"ன்னேன். "எனக்கு கண்டிசன் போட அவ யாருடா? ஒம்போது மாசம் சொமந்தவ நானா அவளா?"

ஆட்டோவுல ஏறுனதுலருந்து திட்டுது. யூசுப் அண்ணன் கண்ணாடியில என்னப் பாத்து, வாயத் தொறக்காம வண்டி ஓட்டுனாரு. டாக்டர் கோமளா ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. வீக்கம் ஏறியிருக்கு, வெள்ள அணுவும் மறுபடி ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்குப் பக்கத்துல போயிருக்கு. கொறஞ்சதுல பாதி வீணாப் போச்சு. ஆறும் முடிஞ்சாலும் திரும்பி வராதுன்னு சொல்ல மாட்டாங்களாம், நானும் கேட்டுப் பாத்துட்டேன். ஆனா இன்னிக்கி ஏத்தலாம்னாங்க.

இப்போ ஆன்டிபாடி ஏறிகினு கீது. மூணாவது. நான் கட்டில் ஓரமா உக்காந்து எழுதறேன். அம்மா இன்னும் நிறுத்தல. "அடி கட்டயில போறவளே, எம்மாம் நாள் கனவு, ஒத்த வார்த்தையில ஒடச்சிட்டியேடி, வரட்டும், கம்பிக்குள்ள கைய வுட்டு நாலு சாத்து சாத்தறேன்"னு. முணுமுணுப்பு இல்லக்கா, முழு சத்தம். வார்டே திரும்பிப் பாக்குது.

நர்சம்மா பிரசர் பாக்க வந்தாங்க. "யாரும்மா இது, இந்தத் திட்டு திட்றீங்க? மருமகளையா?"ன்னாங்க.

"இல்லங்க, கன்னியாஸ்திரிய"ன்னேன்.

நர்சம்மா கைல பிரசர் பட்டை அப்டியே நின்னுபோச்சு.

உனக்கு இன்னும் ரெண்டு வரி எழுதச் சொல்லுது அம்மா. லெட்டர மதர் பிரிப்பாங்க, அதனால நான் எழுதல.

ஜஸ்டின்